நீதிபதிக்கும் வாக்குப் பெட்டியா?

கேள்வி: அமெரிக்காவில் நீதிபதிகளையும் மக்களே தெரிவு செய்கிறார்களாமே! புத்தளத்தில் அப்படி முடியாதா?
– வாசகர், கற்பிட்டி

பதில்: முடியாது. புத்தளம், சிலாபம் மாவட்ட நீதிபதிகளை நியமிப்பது பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச்சேவை ஆணைக்குழு. இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாமே அதன் பொறுப்பு. சட்டத்தரணிகள் போட்டிப் பரீட்சை எழுதித்தான் இந்தச் சேவைக்குள் நுழைகிறார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் கதை வேறு. கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சட்டத்தரணி ஜூலி மேத்யூ, 2018இல் கட்சி வேட்பாளராக வென்று போர்ட் பெண்ட் கவுண்டி நீதிமன்ற நீதிபதியானார். பதவிக்காலம் 4 ஆண்டுகள். 2022இல் மீண்டும் வென்றார்.

சரியில்லாதவரை மக்களே வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அந்த முறையின் பலம். ஆனால் பிரசாரத்துக்குப் பணம் கொடுத்த சட்டத்தரணி, நாளை அதே நீதிபதியின் முன் வாதாட வருவார்.

காணி வழக்கோடு படியேறும் கற்பிட்டி மீனவருக்கு, வாக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாத நீதிபதியே பாதுகாப்பு.