சருகு மக்கும் கணக்கு: தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

அன்னவாசல் பக்கம் தைலமரத் தோப்புக்குள் நடந்தால், பழைய சருகு கூடக் காலடியில் நொறுங்கும். புங்க மரத்தடியில் அந்தச் சத்தம் அவ்வளவு இல்லை. தைல இலை மெதுவாக மக்குவதே காரணம். சருகை வலைப்பையில் இட்டு வைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுத்தால் இந்த வித்தியாசத்தை வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம்.

எந்த இலை?

புங்கம், வேலிக்கருவை, தைலமரம் மூன்றும் போதும். வேலிக்கருவையை 1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்; பிறகு அது தானாகவும் பரவியது. தைலமரம் நாம் நட்டு வளர்த்தது. வெளிநாட்டு மரங்கள் என்று இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு. வேலிக்கருவை பயறுவகைக் குடும்பம். இலையில் தழைச்சத்து அதிகம், சீக்கிரம் மக்கும். தைல இலை தடித்தது. அதிலுள்ள எண்ணெயும் துவர்ப்பும் நுண்ணுயிர்களைத் தடுக்கும்.

பை தைப்பது

பச்சை இலையைப் பறிக்காதீர்கள். உதிரும் முன் இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியை மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே பழுத்து விழுந்ததே வேண்டும். நிழலில் உலர்த்தி, பைக்கு 10 கிராம் நிறுத்து, நைலான் கொசுவலையில் ஒரு சாண் சதுரமாகத் தைக்கவும். வேலிக்கருவையின் சிற்றிலை வலைக்கண்ணில் நழுவி விழும். விழுந்ததை மக்கியதாக எண்ணிவிடுவோம். அதனால் எல்லாப் பைக்கும் வலையை இரட்டையாக மடியுங்கள். ஒவ்வொரு இலை வகைக்கும் ஒன்பது பை.

வைப்பதும் எடுப்பதும்

ஒரே மரத்தடியில் தரையோடு தரையாக வைத்து, ஓரத்தில் கல் ஏற்றுங்கள். அருகிலுள்ள சித்தன்னவாசல் குன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அங்கே வேண்டாம். 30, 60, 90-ஆம் நாள்களில் மும்மூன்று பையாக எடுத்து, கரையான் மண்ணைத் தூரிகையால் தட்டி, உலர்த்தி நிறுக்கவும். 6 கிராம் மிஞ்சியிருந்தால் 40 சதவீதம் மக்கிவிட்டது.

மலையில் என்ன ஆகும்?

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். நம் குன்றுகள் அதற்குப் போதாத உயரம். சுமார் 2,100 மீட்டரிலுள்ள கொடைக்கானலில் குளிர், மக்குவதைத் தாமதப்படுத்தும். ஈரம் அதைத் தூண்டும். இங்கே நேர்மாறு: சூடு தாராளம், ஈரம்தான் பஞ்சம். கோடையில் மாதக்கணக்கில் அசையாத சருகு, மழை விழுந்ததும் மக்கத் தொடங்கும். மலையில் சொந்தக்காரர் இருந்தால் அதே இலையை வைத்துத் தைத்த பைகளை அனுப்புங்கள். இலை ஒன்றாக இருந்தால்தான் உயரத்தின் வேலை தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன்பே பைகளை வைத்துவிடுங்கள். வைத்த தேதியை அன்றே நோட்டில் எழுதுங்கள்.