மழைக்காலத்தில் மூச்சு முட்டினால் எந்த மருந்து முதலில்?

காலம்: அக்டோபர் முதல் ஜனவரி வரை
யாருக்கு: ஆஸ்துமா, வீசிங், கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும்

வடகிழக்குப் பருவமழை, தீபாவளிப் புகை, மார்கழிப் பனி, போகிப் புகை என்று பொங்கல் வரைக்கும் மூச்சுக்குழாய்க்கு ஓய்வில்லை. ஈரச் சுவரில் பூஞ்சை படரும். சளிக்காய்ச்சல் வீடு வீடாகப் பரவும். நள்ளிரவில், கரண்ட் இல்லாதபோது, தெருவில் தண்ணீர் நிற்கும்போது இளைப்பு வரலாம் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• சல்பூட்டமால் பம்பின் (பெரும்பாலும் நீல நிறம்) காலாவதித் தேதியைப் பாருங்கள். நெடுநாள் தொடாத பம்பைக் குலுக்கி, இரண்டு முறை காற்றில் அடித்துச் சரிபாருங்கள்.
• ஸ்பேசர் இல்லையென்றால் வாங்குங்கள். பம்பை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மிதமான இளைப்புக்கு ஸ்பேசரோடு பம்பு, நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது. அதற்குக் கரண்டும் வேண்டாம்.
• தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு பம்பை, ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்தாதீர்கள். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை; மழை வலுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.
• காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சிலருக்கு இவையே இளைப்பைக் கிளப்பும். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. பாராசிட்டமால் போதும்.

இளைப்பு வந்தால்

1. நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள்.
2. பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் ஒரு பஃப் அடியுங்கள். நான்கு முறை மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். இப்படியே ஒவ்வொன்றாக நான்கு பஃப்.
3. நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் இன்னும் நான்கு பஃப்.
4. அப்போதும் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இதையே தொடருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாவது, விலா உள்ளிழுப்பது, மயக்கநிலை, ஆக்சிமீட்டரில் 92-க்குக் கீழ் காட்டுவது: இவற்றில் ஒன்றிருந்தாலும் காத்திருக்காமல் உடனே 108. வீசிங் சத்தம் நின்றும் திணறல் தொடர்ந்தால் அது குணமல்ல. காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜனும், சல்பூட்டமாலோடு இப்ராட்ரோப்பியம் சேர்த்த நெபுலைசரும் தருவார்கள். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும் என்பதால்தான் அதை முதல் மணி நேரத்துக்குள்ளேயே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கும் அடங்காத பெரியவர்களுக்கு 2 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட்டை 20 நிமிடத்தில் ரத்தநாளம் வழியாக ஏற்றுவதுண்டு. ‘முன்பு போட்ட டெரிஃபிலின் ஊசியே போடுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். அந்த வகை மருந்தால் பலன் குறைவு. படபடப்பும் வாந்தியும் அதிகம்.

ஒவ்வாமையில் அட்ரினலின்தான் முதல் மருந்து

கதண்டு, தேனீ கொட்டிய பின்னோ, இறால், வேர்க்கடலை போன்ற உணவு அல்லது ஒரு மருந்துக்குப் பின்னோ, உடம்பெங்கும் தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், தலைசுற்றல், தொடர் வாந்தி வந்தால் அது அனாபிலாக்சிஸ். நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது.

அவில் ஊசி அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. இரண்டையும் செய்வது அட்ரினலின். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள மருந்தில் பெரியவர்களுக்கு 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ப. சரியாகாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போடலாம். அவிலும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான். எனவே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்தாமல், பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள்.

போகும் வழியில் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு திணறினால் உட்காரட்டும். திடீரென்று எழுப்பி நடக்க வைக்காதீர்கள். தேனீயின் கொடுக்கு ஒட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அறிகுறிகள் திரும்ப வரலாம்.

வீடு திரும்பிய பின்

ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக்கொடுத்த நாள்வரை முடியுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 5 முதல் 7 நாள். ஒரு வாரத்துக்குள் மருத்துவரை மறுபடி பாருங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை, எந்த மருந்து எவ்வளவு, எப்போது 108 என்று ஒரே தாளில் எழுதி வாங்கி, பம்பும் ஸ்பேசரும் இருக்கும் பையிலேயே வையுங்கள். பிள்ளைக்கு என்றால் ஒரு பிரதி பள்ளியிலும் இருக்கட்டும்.