டிக்... டிக்... பேட்டரி போயிடுச்சா?

2020 மே மாதம் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே காட்சி. மாதக்கணக்கில் உறை போட்டு மூடி வைத்த ஸ்கூட்டரை வெளியே தள்ளுவார்கள், செல்ஃப் பட்டனை அழுத்துவார்கள், "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் வரும். பேட்டரிக் கடைக்காரருக்கு அந்த வருஷம் தீபாவளி வைகாசியிலேயே வந்துவிட்டது. அப்போது வாசலுக்கு வாசல் இலவசமாகக் கிடைத்த பேட்டரி ஞானத்தில் பாதி தவறு. இன்றும் அது அப்படியே உலவுகிறது.

"ஏஎச் கூட்டிப் போட்டா பல்பு போயிடும்."

போகாது. மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். எவ்வளவு பெரியது என்பது ஏஎச், அதாவது ஆம்பியர்-ஹவர். குழாயில் தண்ணீர் பாயும் வேகத்தை உயரம்தான் தீர்மானிக்கிறது. 4 ஏஎச் ஆனாலும் 5 ஏஎச் ஆனாலும் இரண்டும் 12 வோல்ட்தான். பல்பு தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் சரியாக உட்கார்ந்தால், டெர்மினல் பிளஸ், மைனஸ் பக்கம் மாறாமல் இருந்தால், ஒரு படி கூடுதலாகப் போடுவதில் ஆபத்து இல்லை.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு: பெரிசாகப் போட்டால் பல வருஷம் உழைக்கும் என்பது. அதுவும் இல்லை. சின்ன ஸ்கூட்டரின் மேக்னெட்டோ தருவதே கொஞ்சம் கரண்ட். பெரிய பேட்டரி ஒரு தடவை காலியானால் அதை நிரப்ப நெடுநேரம் ஓட வேண்டும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் அது எப்போதும் அரைகுறையாகவே கிடக்கும். அப்படிக் கிடக்கிற ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். ஊரடங்கில் செத்த பேட்டரிகளுக்கும் இதுதான் நடந்தது. காசை மிச்சம் பிடிக்க ஏஎச்சைக் குறைத்துப் போடுவதோ இன்னும் மோசம்; செல்ஃப் மோட்டார் ஓரிரு விநாடிதான் இழுக்கும், ஆனால் பல பத்து ஆம்பியர் இழுக்கும்.

"மெயின்டனன்ஸ் ஃப்ரீன்னா உள்ளே ஆசிட்டே கிடையாது."

இருக்கிறது. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்துகாட்டிய அதே ஈயமும் கந்தக அமிலமும்தான் இன்றைக்கும் நம் சீட்டுக்கு அடியில் இருப்பது. அமிலத்தை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மூடி திறக்கிற பழைய வகையில் அது தளும்பிக்கொண்டிருக்கும். ஏஜிஎம் வகையில் தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடி இழை விரிப்பு, விளக்குத் திரி எண்ணெயைப் பிடிப்பதுபோல அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சார்ஜ் ஏறும்போது பிரியும் வாயு உள்ளேயே மறுபடி தண்ணீராகிவிடும். அளவு மீறினால் மட்டும் வால்வு திறக்கும். ஜெல் வகையில் சிலிக்கா கலந்து அமிலத்தைக் கூழாக்கியிருப்பார்கள். கடையில் "ஜெல் பேட்டரி சார்" என்று நீட்டுவது பல நேரம் ஏஜிஎம்தான். சண்டை போட வேண்டாம், நமக்கு வேண்டியதும் அதுதான்.

எந்த வகை என்பதை வண்டி சொல்லும். கால் வைக்கும் தளத்துக்கு அடியில் பேட்டரியைப் படுக்க வைத்திருக்கும் ஸ்கூட்டரில் மூடி திறக்கும் வகையைப் போட்டால் அமிலம் வழியும். அந்த வகை நிமிர்ந்தே நிற்க வேண்டும், வாயு போகிற குழாய் மடங்காமல் தரைப் பக்கம் இறங்க வேண்டும். குழாய் விலகினால் அமில ஆவி செயினையும் குரோமையும் அரித்துவிடும். பழைய புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்கள் கதை வேறு. அந்தக் காலத்துச் சார்ஜிங் அவ்வளவு கட்டுப்பாடானது இல்லை. அளவு மீறி ஏறினால் சீல் போட்ட பேட்டரி உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்ற வழியும் இருக்காது. அங்கே என் ஓட்டு மூடி திறக்கும் பேட்டரிக்கே. முதலில் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூடியைத் திறந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் அங்கேயேதான் இருக்கிறது. "மட்டம் குறைஞ்சிடுச்சு, ஆசிட் ஊத்து" என்பவர் பேச்சைக் கேட்டால் தகடு போய்விடும். ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். நம் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும்.

வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகும் என்று கவலைப்படுகிறோம். பேட்டரியை யாரும் நினைப்பதில்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயிலில் நாளெல்லாம் நிற்கிற வண்டிக்கு, குளிர் நாட்டில் தருகிற ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

"லித்தியம் போட்டா எல்லாம் தீர்ந்துடும்." கூடவே இன்னொன்று: "லித்தியமா? வெடிச்சுடும்!"

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகள் வந்ததிலிருந்து இரண்டாவது குரல் ஓங்கியிருக்கிறது. அவை வண்டியையே ஓட்டுகிற பெரிய பேட்டரிகள். பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்ய விற்கப்படுபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. லித்தியம் குடும்பத்தில் நிதானமான பிள்ளை. எடை ஈய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். ஆனால் விலை பல மடங்கு. வண்டியின் ரெகுலேட்டர் சரியில்லாமல் 15 வோல்ட்டைத் தாண்டினால் அது தாங்காது. முழுக்கக் காலியாக விட்டால் எழுந்திருக்காமலே போகலாம். உள்ளே காவல் மின்சுற்று இல்லாததை வாங்கவே கூடாது. பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் ஏஎச் எண் சிலவற்றில் ஈயத்துக்குச் சமானமாகச் சொன்னது, உண்மையான கொள்ளளவு அதைவிடக் குறைவு. பந்தயத்துக்குப் போகிறவருக்கு அந்த எடைக் குறைப்பு காசு பெறும். தினம் ஆபீஸ் போய்வருகிற 110 சிசி ஸ்கூட்டருக்கு? பின்னால் உட்கார்பவர் மடியில் வைத்திருக்கும் சாப்பாட்டுப் பையைக் குறைத்தாலே போதும்.

"கிக்கர் இருக்கே, பேட்டரி எதுக்கு?"

கார்பரேட்டர் காலத்தில் சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சுவது மின் பம்ப். பேட்டரி அடியோடு செத்திருந்தால் எவ்வளவு உதைத்தாலும் பல வண்டிகள் அசையாது. கிக்கரே இல்லாத மாடல்களும் ஏராளம். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் சார்ஜ் ஏறிவிடும் என்பதும் ஆறுதல் பேச்சே. ஐடிலில் மேக்னெட்டோ தருவது சொற்பம், 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டியில் இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள்.

வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆசிட் தனியாக வருகிற பேட்டரி என்றால் ஊற்றியபின் தகடு ஊற வேண்டும், பிறகு ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் மெதுவாகச் சார்ஜ் ஏற வேண்டும். "பத்து நிமிஷத்துல மாட்டித் தர்றேன்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், குப்பையில் போடும் சமாச்சாரமில்லை அது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழ் என்றால் காலி. இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.8-க்குள் வர வேண்டும். அதற்கும் கீழே நின்றாலோ 15-ஐத் தாண்டினாலோ கோளாறு வண்டியில். புது பேட்டரி போட்டாலும் அதுவும் போகும்.

அந்த ஊரடங்கு மே மாதம் நானும் அவசரப்பட்டு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது வாங்கி, நானே மாட்டினேன். பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். பட்டனை அழுத்தினால் அதே டிக் டிக். மெக்கானிக் தம்பி வந்து சீட்டைத் திறந்தான். டெர்மினலுக்கு வருகிற ஒயரின் முனையில் பச்சையாய்ப் பூத்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்தான், போல்ட்டை இறுக்கினான், மேலே கொஞ்சம் வாசலின் தடவினான். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார்" என்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும்."