செல்வத்தின் பயன்



காவிரி பாயும் சோழவளநாட்டில், தலைமடையில் நிலம் உடையவர் தம் வயல் நிறைந்ததும் நீரைக் கீழ்வயலுக்கு விட்டுவிட வேண்டும். தேக்கி வைத்தால் அவர் பயிர் அழுகும். கடைமடைப் பயிர் காயும். செல்வமும் அத்தகையதே. அதனைச் செலவிடும் முறையே ஒருவருடைய உள்ளத்தைப் புலப்படுத்துகின்றது.

செல்வரை மூவகையினராகக் கூறலாம். தாமும் துய்க்காமல், பிறர்க்கும் ஈயாமல் பூட்டி வைப்போர் ஒரு வகையினர். இவர்களைப் பற்றியே வள்ளுவப் பெருந்தகை 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரம் வகுத்தார். தம் பெருமைக்கே வாரி இறைப்போர் இரண்டாம் வகையினர். வேலிக்கணக்கில் நன்செய் உடைய குடும்பங்கள் ஆடம்பரத் திருமணங்களாலும் பங்காளி வழக்குகளாலும் நிலமிழந்த கதைகளைத் தஞ்சைத் தரணியில் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறர் பயன்பெறக் கொடுப்போர் மூன்றாம் வகையினர். அவர்களுள் சிலரைக் காண்போம்.

முதல் குறையாத அறம்

கி.பி. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பி முடித்த முதலாம் இராசராச சோழன், தான் கொடுத்தவற்றோடு தமக்கை குந்தவையார், தேவியர், அதிகாரிகள் ஆகியோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். நிவந்தமாக அளித்த காசு ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அவ்வட்டியைக் கொண்டே வழிபாடு நடந்தது. முதல் அப்படியே இருந்தது. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் பெருகிக் கொண்டே இருக்குமாதலால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். கல்லில் வெட்டியது வெறும் புகழுக்காக அன்று. இன்னார் இன்னது அளக்கக் கடவர் என்பது பிற்காலத்தில் மறுக்கப்படாமல் இருப்பதற்காகவும் ஆகும்.

தன்னை முன்னிறுத்தாத அறம்

கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார், இளமையிலேயே கணவரை இழந்தவர். கோனேரிராசபுரம், தென்குரங்காடுதுறை முதலிய தலங்களின் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராசபுரத்தில் கணவரின் பெயரையே நிலைநிறுத்தினார். திருக்கோடிகாவில் திருப்பணி செய்தபோது, பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். முன்னோர் செய்த சிறு தருமமும் மறையலாகாது என்பது அவர் கருத்து. விளக்கின் ஒளியை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

பசியறிந்த அறம்

1799இல் தஞ்சை ஆட்சி ஆங்கிலக் கம்பெனியார் கைக்குச் சென்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் சத்திரங்களைத் தம் பொறுப்பில் விட்டுவைக்குமாறு 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவர்க்கும் உணவு, நோயுற்றோர்க்கு மருந்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரா என அழைத்தல் என அங்கு நடந்த அறங்களை அதில் விவரித்தார். அடுத்த ஆண்டே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. அதிகாரம் குறைந்த நிலையிலும் அம்மணியோசை நின்றுவிடக் கூடாது என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

காலம் தாழ்த்தலாகாது

தஞ்சை அரசவையோடு தொடர்புடைய பெருவணிகர் பச்சையப்பர், 1794இல் திருவையாற்றில் தம் 40ஆம் வயதில் இயற்கை எய்தினார். வாழ்நாளிலேயே அறம் செய்தவர். எஞ்சிய செல்வத்தையும் அறத்திற்கே உயில் எழுதி வைத்தவர். எனினும் அது வழக்குகளில் சிக்கியது. அப்பொருளைக் கொண்டு சென்னையில் பள்ளி தொடங்கப்பட்ட ஆண்டு 1842. தெளிவாக எழுதி வைத்தவரின் அறமே 48 ஆண்டுகள் காத்திருந்தது என்றால், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நாம் தள்ளிப்போடும் அறம் என்னவாகும்?

'நாம் செல்வர் அல்லரே' என்று எண்ண வேண்டா. இவ்வாண்டு நம் இல்லத்தில் நடந்த செலவுகளுள், பிறர் பசியையோ பிணியையோ அறியாமையையோ நீக்கியது எவ்வளவு? இக்கேள்வியைச் சந்நிதியில் நின்று நமக்கு நாமே கேட்டுக்கொள்வோமாக. கொடுக்க எண்ணியதை இன்றே, நம் கையாலேயே, பணிவோடு கொடுப்போம். நம் மடை திறந்தால் கடைமடையும் விளையும். திருவருள் துணை நிற்கும்.