உரக் கணக்கில் முழு எண்: எப்போது, எப்படி?

விவசாயிகள் பலர் கணக்கை மனத்திலேயே போட்டு, வரும் எண்ணை உடனே முழு எண்ணாக்கிக்கொள்கிறார்கள். இது தவறல்ல. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் "மூன்று மா ஒரு ஏக்கர்" என்பதும் அப்படி முழுமையாக்கிய கணக்கே. ஒரு மா 33 செண்ட். மூன்று மா 99 செண்ட். ஒரு செண்ட் குறைவதால் பயிருக்குக் கேடு வராது.

பள்ளியில் படித்த விதி எளிது. விட்டுவிடும் இலக்கம் 5-க்குக் குறைவானால் அப்படியே விடலாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் முந்தைய இலக்கத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 60.7 என்பது 61 ஆகும், 174.1 என்பது 174 ஆகும். ஆனால் கணக்கின் நடுவில் இதைச் செய்யக்கூடாது; விடை வந்தபின் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும்.

கடலூர்ப் பக்கம் ஒரு காணி நிலம் வைத்திருப்பவரின் கணக்கைப் பார்ப்போம். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. (மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கு இதில் பாதியே போதும். மண் பரிசோதனை செய்தவர்கள் அந்த அட்டையில் உள்ள அளவையே கொள்ள வேண்டும்.) எக்டேர் இரண்டரை ஏக்கர் என்று கொண்டால் ஏக்கருக்கு 60 கிலோ. காணி ஒன்றேகால் ஏக்கர் என்றால் 75 கிலோ. யூரியாவில் பாதி சத்து என்று வைத்தால் 150 கிலோ யூரியா. மூட்டை 50 கிலோ என்ற பழைய நினைவில் மூன்று மூட்டை வாங்குகிறார். 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோதான்! ஆக, வயலுக்குப் போவது 135 கிலோ.

சரியான கணக்கு இது: எக்டேர் 2.47 ஏக்கர், காணி 1.32 ஏக்கர், யூரியாவில் தழைச்சத்து 46 சதம். 150-ஐ 2.47-ஆல் வகுத்து, 1.32-ஆல் பெருக்கி, 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுத்தால் சுமார் 174 கிலோ வரும். குறைந்தது 39 கிலோ. ஒவ்வொரு படியிலும் விட்டது கொஞ்சம்தான். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததால் ஏறக்குறைய ஒரு மூட்டையே குறைந்துபோயிற்று.

174 கிலோவை நான்கு தவணையாகப் பிரித்தால் தவணைக்கு 43.5 கிலோ. "இருக்கட்டுமே" என்று முழு மூட்டையையும் கொட்டிவிட வேண்டாம். வாங்கும்போது மேல் நோக்கி முழுமையாக்கலாம், இடும்போது கூடாது. தழைச்சத்து மிகுந்தால் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் சாயும். மிஞ்சும் ஒன்றரைக் கிலோவை மூட்டையிலேயே கட்டி வையுங்கள். அடியுரமாக டி.ஏ.பி. இட்டிருந்தால் அதிலுள்ள 18 சதத் தழைச்சத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மகசூல் கணக்கில் இந்தக் கவனம் இன்னும் அவசியம். நெல் அறுவடைச் சோதனையில் ஐந்து மீட்டர்க்கு ஐந்து மீட்டர் பரப்பை அறுத்து எடை போட்டு, 400-ஆல் பெருக்கினால் எக்டேர் மகசூல் கிடைக்கும். வெள்ளம் புகுந்த வயலில் 6.6 கிலோ நெல் கிடைத்து, அதை 7 என்று எழுதினால், விளையாத 160 கிலோ தாளில் விளைந்துவிடும். அது 40 கிலோ சிப்பத்தில் நான்கு. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு இத்தகைய சோதனை மகசூலைக் கொண்டே கணக்கிடப்படுவதால், எடை போடும்போது அருகில் நின்று, புள்ளிக்குப் பின் உள்ள இலக்கமும் எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.