முழுத்திரைக்குள் போனால் போதுமா?

இந்த மாதக் கணினிப் பாடத்தை நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்கணும்.

ஸ்கூடாயில் எங்கள் தேவார வகுப்புக்காகப் பைத்தானில் ஒரு சின்னச் செயலி எழுதினேன். பதிக வரிகள் புரொஜெக்டரில் பெரிய எழுத்தில் வரும். முதலில் சாளரத்தைப் பெரிதாக்க மட்டும் செய்தேன். மேலே தலைப்புப் பட்டை, கீழே டாஸ்க்பார், இரண்டும் அப்படியே நின்றன. பெரிதாக்குவது வேறு, முழுத்திரை வேறு. டிகிண்டரில் முழுத்திரைக்கு ஒரே வரி போதும்: 'அட்ரிபியூட்ஸ்' கட்டளையில் 'ஃபுல்ஸ்கிரீன்' என்பதை 'ட்ரூ' ஆக்கணும். ஆக்கிட்டு நிம்மதியாக ஊருக்குக் கிளம்பிட்டேன்.

அந்த ஞாயிறு வகுப்பெடுத்த டீச்சருக்கு அறுபது வயசுக்கு மேல். பாதியில் வேறொரு கோப்பைத் திறக்கப் பார்த்தால் மூடும் குறியைக் காணோம். எஸ்கேப்பை அழுத்தினார், ஒன்றும் நடக்கலை. ஆல்ட்-டேப் அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைச்சிட்டார். காலையில் தட்டச்சு செய்து, சேமிக்காமல் வைத்திருந்த பொருளுரையும் அதோடு போயிடுச்சு.

எஸ்கேப் தானாகவே வேலை செய்யும்னு நான் நம்பிட்டேன். உலாவியில் அது வேலை செய்வது, உலாவியை எழுதியவர்கள் அப்படி அமைத்திருப்பதால். நம் செயலியில் நாம்தான் அந்த விசையை 'பைண்ட்' செய்யணும்.

இப்போது எஃப்11 அழுத்தினால் முழுத்திரை வரும், மறுபடி அழுத்தினால் போகும். எஸ்கேப் வெளியேற்ற மட்டும்தான். அதையும் மாறி மாறி வேலை செய்ய விட்டால், பதற்றத்தில் இரண்டு தடவை தட்டுபவர் வெளியே வந்த வேகத்தில் திரும்ப உள்ளே மாட்டிக்குவார்.

இன்னொன்று. முழுத்திரையில் இருக்கோமா இல்லையா என்பதைத் தனி மாறியில் குறித்து வைத்து, அதையே நம்பாதீங்க. மேக் கணினியில் பயனர் பச்சைப் பொத்தானை அழுத்தினாலும் நிலை மாறிடும், நம் மாறிக்கு அது தெரியாது. மதிப்பு எதுவும் கொடுக்காமல் அதே 'அட்ரிபியூட்ஸ்' கட்டளையை அழைத்தால் சாளரமே தன் நிலையைச் சொல்லும்.

விண்டோஸின் அடிப்படைக் கட்டளைகளை வைத்து எழுதுபவர்களுக்கு வேலை கூடுதல். சட்டத்தை நீக்கி, மானிட்டரின் முழு அளவுக்குச் சாளரத்தை விரிக்கணும். அதற்கு முன்பே பழைய இடத்தையும் அளவையும் சேமிச்சிடணும், இல்லைன்னா திரும்பி வர வழியிருக்காது.

விசைகளைச் சரிசெய்து டீச்சரிடம் காட்டினேன். "எந்த விசைன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும் தம்பி?" என்றார். மூலையில் 'வெளியே' என்று தமிழில் ஒரு பொத்தான் வைத்தேன். எழுத்து சின்னதா இருக்குன்னு சொல்லி, அதையும் பெரிதாக்கச் சொன்னார்.