கார் பராமரிப்பு: நாமே செய்வதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

சங்கத்துக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், நீங்கள் ரயில்வேயில் இருந்தவர். காரை சர்வீசுக்கு விட்டால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?" என்பார்கள். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் பெட்டிப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செலவை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பதை என் சொந்தத் தவறு ஒன்றால்தான் கற்றுக்கொண்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாமே செய்யக்கூடியவை

முதலில் என்ஜின் ஆயில். காலையில், வண்டியைக் கிளப்பும் முன், சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தால் ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

இரண்டாவது கூலன்ட். வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் அளவைப் பார்த்தாலே போதும். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விட்டுப்போய், முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

மூன்றாவது டயர். வண்டி ஓடினால் டயர் சூடேறிக் காற்றழுத்தம் கூடிவிடும். ஆகவே ஓடும் முன் அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் அளவு முடிந்தது என்று அர்த்தம்.

நான்காவது பேட்டரி முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைக்கலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். வரிசை மாறினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு ஆகியவற்றையும் கையேட்டைப் பார்த்து நாமே மாற்றலாம். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் மாடலும் வருடமும் சொன்னால் சாமான் கிடைக்கும். என்ஜின் ஆயில் மாற்றுவதை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கே விடுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும் பாவம்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, நீலசந்திராவில் எங்கள் தெருவில் நின்ற காரின் முன் சக்கரம் பஞ்சராகியிருந்தது. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கினேன். கடைசி இறுக்கம் பாக்கி. அந்த நேரம் எதிர்வீட்டு நண்பர் வந்தார். பத்து நிமிடம் பேசிவிட்டு, வேலை முடிந்த நினைப்பில் சாமான்களை உள்ளே வைத்துவிட்டேன்.

மாலையில் மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆடுகோடி தாண்டி ஓசூர் சாலையில் போகையில் கடகடவென்று சத்தம், ஸ்டியரிங் நடுங்கியது. ஓரங்கட்டிப் பார்த்தால் நான்கு நட்டுகளில் இரண்டு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. பின்னால் வந்த லாரிகளைப் பார்த்து என் கால்கள் நடுங்கின. "தாத்தா, நீங்கதானே ரயிலுக்கே வேலை பார்த்தீங்க?" என்று பேத்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது பதில் கிடைத்தது. ரயிலில் பிரேக் பவர் சான்றிதழ் என்று ஒரு தாள் உண்டு. பராமரிப்புப் பிரிவின் பொறியாளர் மட்டும் அதில் கையெழுத்திட்டால் போதாது. ஓட்டுநரும், 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று அழைக்கப்படும் கார்டும் கையெழுத்திட வேண்டும். செய்தவன் கண்ணுக்குத் தன் தவறு எளிதில் தெரியாது என்பதுதான் இதன் அடிப்படை. என் வீட்டு வாசலில் இரண்டாவது கையெழுத்து இல்லை.

ஆகவே என் விதி இதுதான். பார்ப்பது, அளப்பது, துடைப்பது நம் வேலை. தவறினால் உயிர் போகும் இடத்தை ஒருவராகத் தொடக் கூடாது. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற ஒயர்கள் எல்லாம் பயிற்சி பெற்றவர் கைக்குத்தான்.

ஒர்க்‌ஷாப்பிலும் கண் வேண்டும்

பணம் கொடுத்துவிட்டால் இரண்டாவது கண் தானாக வந்துவிடாது. ஒரு முறை, மாற்றியதாக பில்லில் எழுதியிருந்த ஏர் ஃபில்டர், வீட்டில் திறந்து பார்த்தால் பழையதாகவே இருந்தது. அது முதல் கழற்றிய சாமான்களைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. வெளியே பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. தவறான வேலையால் சேதம் நேர்ந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. மேல்முறையீடுகளும் நடந்தன. எனவே வாரண்டி காலத்தில் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. செய்ய வேண்டியவற்றைத் தமிழில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பேத்தி, ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் செய்து காட்டுவேன். அவள் டிக் அடிப்பாள். ரயில்வேயில் இறுக்கிய போல்ட்டுக்குப் பெயின்ட் கோடு போடுவது போல, வீல் நட்டை இறுக்கியதும் அவளுடைய நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு போட்டபின்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. கடைசியில் அவள் கையெழுத்து. அது இல்லாமல் வண்டி தெருவை விட்டு நகர்வதில்லை.